தொட்டியின் மேலே நிற்பவன்

சட்டை இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. நேற்று ராத்திரியே என் மனைவி அதைச் சோப்புப் போட்டு அலசினாள். காலையில் எழுந்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் அலசினாள். டீசல் புகை வாசனை போகவில்லை. "இது தொவச்சா போற நாத்தம் இல்லபா, தூக்கிப் போடு" என்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. கொடிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன். நீ போய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கடந்துவிட்டது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பாய். பயம் வந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாததல்ல. தெருநாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். மாடித் தொட்டிக்கு ஏறினால் கீழே பார்க்க மாட்டேன். வெந்நீர் கீசரைத் தொடுவதற்கு முன்னால் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், "நீயெல்லாம் பிளம்பரா வந்திருக்கவே கூடாது ஏகா, எங்கியாவது ஃபேனுக்கடியில கணக்கு எழுதிக்கினு உக்காந்திருக்கணும்" என்பாய். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ பக்கத்தில் இருக்கும்போது பயப்படுவதில்கூட ஒரு சுகம் இருந்தது. நமக்காக ஒருவன் தைரியமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஒழுகும் குழாயில் ஆரம்பித்து, கல்யாண மண்டபத்து மோட்டார், லாட்ஜ் பாத்ரூம் அடைப்பு, ஜவுளிக்கடை மாடித் தொட்டி வரைக்கும் நாம் இரண்டு பேரும் பார்க்காத வேலை இந்த ஊரில் இல்லை. அதில் எனக்குப் பிடிக்காத வேலை ஒன்றே ஒன்றுதான். தரைக்கடியில் கட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டி, சம்ப். இரும்பு மூடியைத் தூக்கியதும் ஈரச் சிமெண்டும் பாசியும் கலந்து ஒரு குளிர்ந்த மூச்சு மேலே வரும். ஆள் ஒருவன் கையைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்குத்தான் வாய் இருக்கும். உள்ளே போனபின் நம் குரலே நமக்கு வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்கும்.

அதில் நான்தான் இறங்குவேன், நீ மேலே நிற்பாய். நான் ஒல்லி, உனக்குத் தொந்தி, வாய்க்குள் உன் தோள் நுழையாது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். இன்னொரு காரணமும் உண்டு. குடிக்கிற தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததும் சில வீடுகளில் உன்னைப் பார்த்து, "தம்பி எந்தப் பக்கம்?" என்று ஒரு கேள்வி வரும். காலனி என்று நீ மறைக்காமல் சொல்வாய். அதன்பிறகு அவர்கள் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் பக்கம் திரும்பி, "நீங்க எறங்குறீங்களா?" என்பார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். நீ சிரித்துக்கொண்டே, "போடா, ஒன் பரம்பரைக்குக் கெடச்ச மரியாத, போய் முங்கு" என்பாய். மார்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்றுகொண்டு அந்த மரியாதையை நான் எத்தனையோ வீடுகளில் அனுபவித்திருக்கிறேன்.

கக்கூஸ் தொட்டி விஷயத்தில் மட்டும் நீ சிரிக்க மாட்டாய். யார் வந்து கெஞ்சினாலும் சரி, "வண்டியக் கூப்புடுங்க, மனுசனக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாய். தண்ணீர்த் தொட்டிக்கும் உன்னிடம் சட்டதிட்டம் இருந்தது. மோட்டார் லைனின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி உன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். வேலை முடிந்து நான் மேலே வந்து தலை துவட்டும் வரைக்கும் அது யார் கைக்கும் போகாது. மேலே நிற்பவன் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது உன் சட்டத்தில் அடுத்தது. கீழே இருப்பவனுக்கு என்ன ஆனாலும் மேலே இருப்பவன் இறங்கக் கூடாது என்பது கடைசி. "எறங்குனா ரெண்டு பொணம்டா" என்று அதைச் சாதாரணமாகச் சொல்வாய்.

அப்புறம் உன் வாய். நான் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க அது ஓயாது. கருடசேவைக் கூட்டத்தில் எவனோ உன் செருப்பை மாட்டிக்கொண்டு போன கதை, உன் வீட்டில் ஸ்டெல்லா வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்பில்லாத கதை, எதிர்வீட்டுக்காரன் மருமகன் வந்து இறங்கிய கதை. நடுநடுவே உப்புச்சப்பில்லாத கேள்விகள் வேறு. "ஏகா, காலைல இன்னா சாப்ட்ட? தொட்டுக்க இன்னா? ஏகா, ஒன் மாமனார் பேரு இன்னா, மறந்துட்டேன்." என் மாமனார் பேரை எத்தனை தடவைதான் மறப்பாய்? உறிஞ்சு குழாயின் அடியில் மாட்டியிருக்கும் ஃபுட்வால்வ் மறை கழன்று வராமல் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டாய். சரியான வாயாடிக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று ஸ்டெல்லா சொல்வது நியாயம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடு. மோட்டார் சம்ப்புக்குள்ளேயே தண்ணீரில் கிடக்கும் வகை. ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், நெற்றி நிறைய விபூதி, மெதுவான பேச்சு. நீ மீட்டர் பலகைக்குப் போய்க் கட்டையைப் பிடுங்கினாய். முன்அறை ஃபேன் நின்றது. அப்போதும் நீ அவரிடம் கேட்டாய், "வேற லைன் எதுனா இருக்குதுங்களா?"

"ஒரே லைன்தாம்பா. தைரியமா எறங்குங்க."

நான் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு மேல் இருந்தது. காலால் துழாவி மோட்டாரைக் கண்டுபிடித்து, குனிந்து அதன் மேல் கை வைத்தேன். கேபிள் ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது விரலுக்குத் தெரிந்தது. அப்பா, நல்ல வேளை, கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மேலே நீ வழக்கம்போல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். யாரோ பத்திரிகை கொடுக்காமல் கல்யாணம் செய்துவிட்ட சண்டை என்று நினைவு. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது.

உன் பேச்சு பாதியில் நின்று நான் கேட்டதே இல்லை. பயம் எனக்கு அங்கேயே பிடித்துக்கொண்டது, காரணம் தெரியாமலே.

"ஏகா." உன் குரல் தாழ்ந்திருந்தது. "கைய எடு. ஒண்ணுத்தையும் தொடாத. ஏணியப் புடிச்சிக்கினு மெதுவா மேல வா. எதுவும் கேக்காத."

நான் ஏறி வந்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. தறிக்கூடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போதுதான் எனக்கும் கேட்டது. தறிக்கூடத்தில் நூல் சுற்றும் மெஷின் உம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு மின்சாரத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிற்கிறோம், மெஷின் ஓடுகிறது.

"அது எப்டிங்க ஓடுது?" என்று கேட்டாய்.

"அது தறி லைனுப்பா, தனி மீட்டர்" என்றார் அவர்.

"மோட்டாரு எந்த லைனுங்க?"

அவர் கண் தறிக்கூடத்துப் பக்கம் போனது. தறிக்காக அரசாங்கம் கொடுக்கும் இலவச மின்சாரத்தில் வீட்டு மோட்டாரைச் சத்தமில்லாமல் இழுத்து மாட்டியிருக்கிறார். வெளியே தெரிந்தால் மின்வாரியத்து ஆள் வந்துவிடுவான் என்று நம்மிடமும் மறைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் பயம்தான், அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து அவர் மருமகள் இடுப்பில் காலிக் குடத்தோடு வந்து, சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, "ஆயிடுச்சா மாமா, போடலாமா?" என்று கேட்டாள். அந்தக் கை இன்னும் எனக்குக் கனவில் வருகிறது. மஞ்சள் காயாத, வளையல் போட்ட, பாவமறியாத கை.

நீ போய் அவளுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் நின்றாய். "வேணாம்மா" என்றாய். அப்புறம் அவரிடம், "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க" என்று மட்டும் சொன்னாய். அவர் முகம் விபூதிக்கு மேலே வெளுத்துப் போயிருந்தது. என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனைக் கடையில் டீ சொன்னாய். என்னால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நீ உன் டீயை உறிஞ்சிவிட்டு, "எமன் வந்து ரீடிங் எடுத்துக்கினு போயிட்டான்டா. பில்லு இப்போதைக்கு வராது" என்றாய். டீக்கடைக்காரன்கூடச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் நெஞ்சில் என்ன கல்லா இருக்கிறது என்றுதான் தோன்றியது. மறுநாளிலிருந்து உன் சட்டத்தில் ஒன்று கூடியது. கட்டையைப் பிடுங்கினால் மட்டும் போதாது, மோட்டாருக்குப் போகும் வயரையே ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றி, கண்ணெதிரே தொங்கவிட வேண்டும். எந்த லைனில் வந்தாலும் அந்த இடைவெளியை மின்சாரம் தாண்டாது.

அப்படிப்பட்ட நீ, சாப்பிட்டு எழுந்தபோது நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி, ஆட்டோவில் உன் காலாலேயே ஏறி உட்கார்ந்து போனாய். திரும்பி வரவில்லை. அதற்கு எந்த வயரைக் கழற்றித் தொங்கவிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் சம்ப்புக்குள் இறங்கவில்லை. கூப்பிடுகிறவர்களிடம் முதுகுவலி என்றேன், ஏணி உடைந்துவிட்டது என்றேன், ஒரு அம்மாவிடம் எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் சொன்னதாகக்கூடச் சொன்னேன். குழாய் மாற்றினேன், வாஷ்பேசின் அடைப்பு எடுத்தேன், பாத்ரூம் டைல்ஸுக்கடியில் கசிவு தேடினேன். தரைமட்டத்துக்குக் கீழே என்ன இருந்தாலும் அது எனக்கு வேண்டாம். இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

போன வாரம் ஸ்டெல்லா வந்தாள். கூடவே அவள் தம்பி, உன் மச்சான் டேவிட். அவனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது தாண்டியும் விளையாட்டுத்தனம் போகாத ஆள். ஆட்டோவை விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறான். காந்தி ரோட்டில் நீ மாதாமாதம் பராமரிப்புப் பார்த்துக்கொண்டிருந்த பட்டுக்கடைக் கட்டடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், சம்ப்பில் ஃபுட்வால்வ் போய்விட்டது. விட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நீங்க எறங்க வேணாண்ணா. டேவிட்டு எறங்கட்டும். நீங்க மேல நின்னுக்கினா போதும். நீங்க நின்னா எனக்கு பயமில்ல" என்றாள்.

இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாகவே இருந்தது. மேலே நிற்பதில் என்ன இருக்கிறது. இத்தனை வருஷம் நீ நின்றாய், கதை பேசினாய், தொந்தியைத் தடவிக்கொண்டாய். சரி என்றேன்.

நேற்றுப் போனோம். கடைக்குப் பின்பக்கம் ஒரு சந்து. ஒரு பக்கம் கடையின் சுவர், மறுபக்கம் அடுத்த கட்டடத்தின் சுவர், மேலே தகரம். அதில்தான் சம்ப், அதில்தான் மோட்டார், அதிலேயே மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஜெனரேட்டர். சூப்பர்வைசர் பையன் மரியாதையானவன். வேறு லைன் உண்டா என்று அவனை நான் ஒரே கேள்வியாக இல்லாமல் நான்கைந்து விதமாகக் கேட்டேன். "ஒரே லைன்தாண்ணா, வேணும்னா நீங்களே பாருங்க" என்று பலகையைத் திறந்து காட்டினான். அவன் சொன்னது நிஜம். நான் வயரைக் கழற்றினேன், டேப் சுற்றினேன், தொங்கவிட்டேன். மூடியை எடுத்துக் காற்றாட வெகுநேரம் விட்டேன். டேவிட் பொறுமை இழந்து, "இன்னாண்ணா, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒக்கார வெச்சிக்கினே இருக்க" என்றான். அப்புறம் ஏணியில் இறங்கினான்.

அவன் தலை வாய்க்குள் மறைந்த கணத்தில் எனக்கு ஆரம்பித்தது. நான் உள்ளே இருந்தபோது பயந்த பயம் வேறு. அங்கே கையில் ஸ்பேனர் இருக்கும், காலில் தண்ணீர் இருக்கும், ஏதாவது ஒன்றைத் திருகிக்கொண்டிருப்பேன். மேலே செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு இருட்டுச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் வரும். சத்தம் நின்றால் ஏன் நின்றது என்று இருக்கும், திரும்ப வந்தால் ஏன் வந்தது என்று இருக்கும். பேசலாம் என்று பார்த்தேன். எனக்கு உன் வாய் ஏது? கடைசியில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "டேவிட்டு, காலைல இன்னா சாப்ட்ட?"

"இட்லிண்ணா."

"தொட்டுக்க?"

"வடகறி. இன்னாண்ணா, பசிக்குதா ஒனக்கு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ கேட்டதெல்லாம் கேள்வியே இல்லை என்று. உனக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை, பதில் சொல்கிற குரல் வேண்டியிருந்தது. என் மாமனார் பேரை நீ ஒரு நாளும் மறந்ததில்லை.

புரிந்ததால் பயம் குறையவில்லை, கூடியது. தொங்கும் வயரைப் பார்த்தேன். டேப் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வேறு எங்காவது, யாராவது, ஏதாவது ஒரு லைன். அந்த மருமகளின் கை கண்ணுக்குள் வந்து நின்றது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "தம்பி, மெயினையும் எறக்கிடுப்பா" என்றேன். அவன் யோசித்தான், கடையில் கல்யாண ஜவுளி எடுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, "சரிண்ணா, ஜெனரேட்டர் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனான்.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. வயரைக் கழற்றியதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பயத்தில் ஒரு படி கூடப் போனேன்.

மெயின் இறங்கியது. சந்து இருண்டது. அடுத்த நொடி எனக்குப் பின்னால் ஜெனரேட்டர் தானாகவே உறுமிக்கொண்டு கிளம்பியது. தகரக் கூரை அதிர்ந்தது. கடைக்குள் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது, கதவுக் கண்ணாடி வழியே ஒரு பெண் சிவப்புப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்ப்பது தெரிந்தது. ஜெனரேட்டரின் புகைக் குழாய் முழங்கால் உயரத்தில் ஒடிந்திருந்தது. மாதாமாதம் வந்து போன இடம்தான், தார்ப்பாய்க்கடியில் அதை யாரும் பார்த்ததில்லை. கறுப்புப் புகை தரையோடு தரையாக வந்து, வேறு போக்கிடம் இல்லாமல், சம்ப் வாய்க்குள் இறங்கியது.

"டேவிட்டு" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் பதில் சொன்னானா இல்லையா என்று தெரியவில்லை. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். முன்பக்கம் போய், கூட்டத்தில் சூப்பர்வைசரைத் தேடி, சொல்லி, நிறுத்தி வருவதற்குள் இங்கே இவன் விழுந்துவிட்டால்? நகராதே என்பாய். சரி, உள்ளே குதித்து இழுத்து வரலாமா என்றால், இறங்காதே என்பாய். போகவும் கூடாது, இறங்கவும் கூடாது, கூப்பிட்டாலும் கேட்காது. அப்படி ஒரு பயத்தை நான் என் வாழ்நாளில் அறிந்ததில்லை. ஸ்டெல்லா "நீங்க நின்னா எனக்கு பயமில்ல" என்று சொன்னது அந்த இரைச்சலுக்குள்ளும் கேட்டது.

கவிழ்ந்து படுத்தேன். தலையைப் புகைக்குள் விட்டுக் கண்ணை இறுக்கிக்கொண்டு, ஏணியின் இரண்டு காலையும் பிடித்து உலுக்கினேன். பையிலிருந்த பைப் ரிஞ்சை எடுத்து ஏணிப் படியில் அடித்தேன், நிறுத்தாமல் அடித்தேன். கீழே டார்ச் வெளிச்சம் என் பக்கம் திரும்பியது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவன் கையை ஆட்டியிருக்கிறான். நான் இன்னும் வெறி பிடித்தவன் மாதிரி உலுக்கினேன். ஏணியில் ஒரு கனம் ஏறியது. இன்னொரு படி. ஈரத் தலைமுடி ஒன்று புகைக்குள்ளிருந்து வந்தது. காலரோடு சேர்த்துப் பிடித்து இழுத்து, சந்திலிருந்து தெருவரைக்கும் தரதரவென்று கொண்டுபோய்ப் போட்டேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

டேவிட் இருமிக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "இன்னாண்ணா, கொசு மருந்து அடிக்கிறியா?" என்றான். நான் காந்தி ரோட்டு ஓரத்தில், போகிற வருகிற ஜனங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அவன் பயந்துபோய், "எனக்கு ஒண்ணும் ஆவலியேண்ணா, ஏண்ணா அழுவுற?" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

ஒன்றும் ஆகவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. தலை சுற்றுகிறது என்றான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா, "எவ்ளோ நேரம் உள்ள இருந்தாரு?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் புகையில் வாசனை தெரியாத விஷமும் இருக்கிறதாம், ஆளைத் தூங்க வைப்பது போல வைத்துவிடுமாம். வாசனை தெரிந்ததே இப்படி இருக்கிறது. ஒரு பொத்தலை அடைத்தால் தண்ணீர் அடுத்த பொத்தலைத் தேடும் என்று குழாய் வேலையில் நமக்குத் தெரியும். ஆபத்தும் அப்படித்தான் போலிருக்கிறது. இனி ஜெனரேட்டரையும் சாவியை வாங்கி நிறுத்திவிட்டுத்தான் மூடியைத் தொடுவேன். அதற்கும் அப்பால் என்ன காத்திருக்கிறதோ, அது எனக்குத் தெரியவில்லை, தெரியாததுதான் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் அவனை உன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. திட்டுவாள் என்று நின்றேன். அவள் தம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தாள், பாதி சட்டையில் கொட்டியது.

"அவரு கையும் இப்டித்தாண்ணா நடுங்கும்" என்றாள்.

யாருக்கு என்று கேட்டேன். நிஜமாகவே எனக்கு விளங்கவில்லை.

"அவருக்குத்தான். நீங்க சம்ப்புல எறங்குன நாளுன்னா வூட்டுக்கு வந்ததும் பின்னால போய் வாந்தி எடுப்பாரு. ஒங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் மேல சத்தியம் வாங்கிக்கினாரு. 'நான் பயந்துக்கினு இருக்கேன்னு தெரிஞ்சா ஏகா எறங்க மாட்டான், நம்ம பொழப்பு நாறிடும்' அப்டிம்பாரு. சோறு போட்டு வெச்சா தட்டுல கை வெக்க மாட்டாரு. ஒங்க வூட்டுக்குப் போன் பண்ணுவாரு. ஒங்க கொரலக் கேட்டப்புறம்தான் சாப்புடுவாரு."

அந்தப் போன்கள் எனக்கு நன்றாகத் தெரியும். நான் சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்து அடிக்கும். "ரிஞ்ச் ஒன் பையில இருக்குதா, என் பையிலயா?" என்பாய். "நாளைக்கு மழ வருமாடா?" என்பாய். மறுமுனையில் நான் என்ன சொன்னாலும், "சரி சரி, சாப்புடு" என்று வைத்துவிடுவாய். சாப்பிட விடமாட்டேன் என்கிறானே என்று என் மனைவியிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். தறி வீட்டு நாளன்று மறுபடி மறுபடி அடித்தாய். கடைசியில் நான் போனை அணைத்து வைத்தேன். அன்றைக்கு நீ சாப்பிட்டாயா என்று ஸ்டெல்லாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் உன் பக்கத்தில் நிம்மதியாகப் பயந்திருக்கிறேன். எனக்கும் சேர்த்து நீ பயந்திருக்கிறாய். கேட்டிருந்தால் பாதியை நான் வாங்கிக்கொண்டிருக்க மாட்டேனா என்று ஒரு கோபம் வந்தது. அப்புறம், வாங்கியிருக்க மாட்டேன், அன்றைக்கே வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன் என்று தெரிந்தது. நீ என்னைச் சரியாகத்தான் அறிந்து வைத்திருந்தாய்.

வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். மனைவி தட்டை வைத்தாள், நான் தட்டின் முன்னால் உட்கார்ந்து ரசம் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேவிட்டுக்குத் தூக்கத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு எண்ணம். எழுந்து போய்ப் போனை எடுத்து அவனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன்.

எடுத்தான். வாய் நிறையச் சோறு. "இன்னாண்ணா?"

எதற்கு அடித்தேன் என்று சொல்ல வேண்டுமே. "ஒண்ணுமில்ல. இன்னா கொழம்பு?"

"மீனுண்ணா. அக்கா வெச்சிது. ஏண்ணா?"

"சும்மாதான். முள்ளு பாத்துச் சாப்புடு."

அவன் என்னை ஒரு மாதிரி ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். நினைக்கட்டும். போனை வைத்த பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது.